கையொப்பம் இருந்தும் ஏன் தடுக்கிறது? ஜாவா ஆப்லெட் எச்சரிக்கைகள், அறிகுறி வாரியாக

கோத்தகிரி டானிங்டனில் எனக்குக் கணினி பழுதுபார்க்கும் கடை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, மண் சரிந்த இடங்களில் தடுப்புச் சுவர் கட்டுவதற்கான டெண்டர்கள் வரிசையாக வரத் தொடங்கிவிட்டால் அச்சுப்பொறிகளும் மடிக்கணினிகளும் மூலைக்குப் போய்விடும். இணைய டெண்டரில் டிஜிட்டல் கையெழுத்து போட ஒப்பந்ததாரர்கள் வைத்திருக்கும் யுஎஸ்பி டோக்கன்தான் முழுநேர வேலை. மூன்று மணிக்கு மூடும் டெண்டருக்கு இரண்டே காலுக்குக் கைப்பேசியில் ஒரு படம் வரும். மஞ்சள் முக்கோணம், பக்கத்தில் ஆங்கிலத்தில் நாலு வரி. கூடவே ஒரு கேள்வி: "தம்பி, இதில் எதை அழுத்த வேண்டும்?"

படத்தில் பாதி வரிகள் வெட்டுப்பட்டிருக்கும். நோய் தெரிவது அந்தப் பாதியில்தான். ஜாவா காட்டும் பெட்டிகள் எல்லாம் பார்வைக்கு ஒரே சாயலில் இருந்தாலும் ஒவ்வொன்றும் வேறு வேறு கோளாறைச் சொல்கிறது. அதனால்தான் இந்தக் குறிப்பை நீங்கள் காணும் அறிகுறியை வைத்துப் பிரித்திருக்கிறேன். உங்கள் திரையில் இருப்பதற்கு நெருக்கமான தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்த இரண்டு பத்திகளை மட்டும் தாண்டிவிட வேண்டாம்.

1995இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஜாவாவை வெளியிட்டபோது ஆப்லெட்டை அடைத்துவைக்க ஒரு வேலியும் போட்டார்கள். இணையப் பக்கத்தோடு வந்து இறங்கும் சிறு நிரல் உங்கள் கோப்புகளைத் தொடக் கூடாது, யுஎஸ்பி துளையைப் பார்க்கக் கூடாது. முன்பின் தெரியாதவரைத் திண்ணையில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பது போல. டிஜிட்டல் கையொப்பம் வந்தபோது நிலைமை மாறியது. கையொப்பமிட்ட ஆப்லெட், "நான் இன்னார், என் நிரலை வழியில் யாரும் திருத்தவில்லை" என்று ஒரு கடிதத்தை நீட்டுகிறது. நீட்டிவிட்டு, வீட்டுக்குள் வரலாமா என்று கேட்கிறது. டெண்டர் ஆப்லெட் உங்கள் டோக்கனிடம் பேச வேண்டும், விலைப்பட்டியல் கோப்பை எடுக்க வேண்டும். திண்ணையில் இருந்துகொண்டு அதைச் செய்ய முடியாது.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. கையொப்பம் இருப்பதால் ஆப்லெட் நல்லது என்று ஆகிவிடாது. உண்மையில் கையொப்பமிட்டதற்குத்தான் உங்கள் கணினியில் அதிக அதிகாரம். ஆகவே ஜாவாவின் எச்சரிக்கை வைரஸ் பிடித்த செய்தியல்ல. இந்த ஆளை உங்களுக்குத் தெரியுமா என்ற விசாரிப்பு. அதற்குப் பதில் உங்களிடம் மட்டுமே இருக்கிறது. கடைக்காரனான என்னிடம் இல்லை.

எந்தத் தளத்தைத் திறந்தாலும் எச்சரிக்கை

டெண்டர் தளம் மட்டுமல்ல, வங்கி, மின்னஞ்சல், செய்தித்தாள் எல்லாமே சான்றிதழ் (தான் இன்னார் என்று காட்டும் டிஜிட்டல் அடையாளச் சீட்டு) சரியில்லை என்று முறையிட்டால் ஜாவா பக்கமே போகாதீர்கள். திரையின் வலது கீழ் மூலையில் தேதியைப் பாருங்கள்.

மலையில் இந்தக் கோளாறு சமவெளியைவிட அதிகம் என்பது என் கணிப்பு. காற்று அடித்தால் சில்வர் ஓக் கிளை கம்பியில் விழும், மின்சாரம் போகும், சில நேரம் இரண்டு நாள் வராது. மேசைக் கணினியின் தாய்ப்பலகையில் காசு வடிவில் ஒரு பேட்டரி இருக்கிறது, பெரும்பாலும் சிஆர் 2032, 3 வோல்ட். மின்சாரம் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். பழைய கணினியில் அது செத்திருந்தால், மின்சாரம் திரும்பும்போது கணினி தான் பிறந்த வருடத்துக்கே போய்விடும். சான்றிதழ் ஒவ்வொன்றிலும் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. உங்கள் கணினி 2010இல் வாழ்ந்துகொண்டிருந்தால், சென்ற ஆண்டு வாங்கிய சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்றுதான் அது நினைக்கும். ஜாவாவும் இதையே சொல்லும்: காலாவதியான அல்லது இன்னும் செல்லுபடியாகத் தொடங்காத சான்றிதழால் கையொப்பமிட்ட நிரலைத் தடுத்துவிட்டேன் என்று. அந்த இரண்டாம் பாதியை யாரும் படிப்பதில்லை.

நேரத்தைச் சரிசெய்யுங்கள். நேர மண்டலத்தையும் பாருங்கள். முள் சரியாக இருந்து மண்டலம் அமெரிக்காவில் இருந்த கணினிகளை நான் பார்த்திருக்கிறேன். பிறகு பேட்டரியை மாற்றுங்கள். தேநீர், பலகாரச் செலவுக்குள் முடிகிற வேலை. மாற்றாவிட்டால் அடுத்த மின்வெட்டுக்கு மறுபடியும் இதே பத்திக்கு வருவீர்கள்.

எச்சரிக்கையே வரவில்லை, ஆப்லெட் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது

சாம்பல் நிறக் கட்டம், அல்லது ஜாவாவை நிறுவுங்கள் என்ற வரி. நிறுவினாலும் அதே வரி. நான்கு முறை நிறுவிவிட்டேன் என்று ஒருவர் சண்டைக்கு வந்தார். நாற்பது முறை நிறுவினாலும் குரோமில் வராது.

ஜாவாவை உலாவியோடு இணைக்கும் பழைய செருகல் முறையை குரோம் 2015 ஏப்ரலில் 42ஆம் பதிப்பில் அணைத்துவைத்தது, அதே ஆண்டு செப்டம்பரில் 45ஆம் பதிப்பில் முழுதாக எடுத்துவிட்டது. ஃபயர்ஃபாக்ஸ் 2017 மார்ச்சில், 52ஆம் பதிப்பில் விடைகொடுத்தது. எட்ஜ் அதை ஏற்றதே இல்லை. கடைசியாக மிஞ்சிய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11க்கு மைக்ரோசாஃப்ட் 2022 ஜூன் 15 அன்று ஓய்வு கொடுத்தது. ஜாவா தரப்பிலும் 2018இல் வந்த 11ஆம் பதிப்பில் உலாவிச் செருகல் கிடையாது. ஆகவே இன்றும் ஆப்லெட் கேட்கும் தளத்துக்கு மிஞ்சியிருக்கும் நடைமுறை வழி ஒன்றுதான்: ஜாவா 8, எட்ஜ் உலாவிக்குள் இருக்கும் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் பயன்முறை.

எட்ஜ் அமைப்புகளில் இயல்பு உலாவி என்ற பகுதிக்குப் போங்கள். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் பயன்முறையில் தளங்களை மறுபடி ஏற்ற அனுமதி கேட்கும் வரியை அனுமதி என்று மாற்றி, உலாவியை மூடித் திறக்கவும். அதே பக்கத்தில் பயன்முறைப் பக்கங்களின் பட்டியலில் தளத்தின் முழு முகவரியையும் சேர்க்கவும். முகப்பைச் சேர்த்துவிட்டு உள்நுழைவுப் பக்கத்தை விட்டுவிடுவது வழக்கமான தவறு.

இப்படி நீங்களே சேர்த்த பதிவின் ஆயுள் 30 நாள். அதற்குப் பக்கத்திலேயே முடியும் தேதி எழுதியிருக்கும், யார் கண்ணிலும் படாது. "போன மாதம் வேலை செய்தது, நான் எதையும் தொடவில்லை" என்பவர்கள் முக்கால்வாசிப் பேர் உண்மையையே சொல்கிறார்கள். தொடாததுதான் காரணம். மறுபடி சேர்த்தால் போதும்.

இன்னொன்று: விண்டோஸ் 64 பிட் என்றாலும் அந்தப் பயன்முறையின் பக்கங்கள் வழக்கமாக 32 பிட்டில்தான் ஓடும். 64 பிட் ஜாவா மட்டும் இருந்தால் கட்டம் வெறுமையாகவே இருக்கும். 32 பிட் ஜாவா 8 வேண்டும்.

ஜாவா பாதுகாப்பு தடுத்துவிட்டதாகப் பெட்டி வருகிறது

"அப்ளிகேஷன் பிளாக்ட் பை ஜாவா செக்யூரிட்டி" என்று தலைப்பு. கீழே ஒரு சரி பொத்தான். அதை அழுத்துவதைத் தவிர வேறு வழியில்லாத பெட்டி. தலைப்பு ஒன்றாக இருந்தாலும், தேதிக் கோளாறை விட்டுவிட்டால், காரணம் மூன்று. கீழ்வரியைப் படித்தால்தான் பிரித்தறிய முடியும்: தானே கையொப்பமிட்டுக்கொண்டது, கையொப்பமே இல்லாதது, அனுமதி வரி இல்லாதது.

2013 ஜனவரியில் ஜாவாவில் ஒரு பெரிய ஓட்டை வெளியே வந்து, திருத்தம் தயாராவதற்கு முன்பே திருடர்கள் அதில் புகுந்தார்கள். அவசரமாக வந்த 7ஆம் பதிப்பின் 11ஆம் மேம்பாடு, பாதுகாப்பு நிலையை இயல்பாகவே உயர் நிலைக்கு ஏற்றியது. சரியாக ஓராண்டு கழித்து, 2014 ஜனவரியில் 51ஆம் மேம்பாட்டில் கதவு இறுகியது. கையொப்பம் இல்லாத ஆப்லெட், தன் கையெழுத்துக்குத் தானே சாட்சியாக நிற்கும் ஆப்லெட், எந்த அளவு அனுமதி தேவை என்று தன் தொகுப்பில் எழுதிவைக்காத ஆப்லெட், மூன்றும் அன்றிலிருந்து உள்ளே வர முடியாது.

எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இந்தப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து எடை போட்டு விவசாயி கணக்கில் ஏற்றுவதற்கு ஒரு ஆப்லெட் வைத்திருந்தார்கள். எழுதிக் கொடுத்த பையன் தானே ஒரு சான்றிதழ் தயாரித்துக் கையொப்பமிட்டு, கோயம்புத்தூரில் வேறு வேலைக்குப் போய்விட்டான். ஜாவா ஒரு இரவில் தன்னைத்தானே மேம்படுத்திக்கொண்டது. காலையில் கொழுந்து லாரிகள் வரிசையில் நிற்கின்றன, எடைக்காரர் கையால் சீட்டு எழுதுகிறார். நிரலில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. மாறியது வாசற்காவல்.

பயனருக்கான தீர்வு விலக்குப் பட்டியல். விண்டோஸ் கட்டுப்பாட்டுப் பலகத்தில் ஜாவாவைத் திறந்து, செக்யூரிட்டி தாவலில் "எடிட் சைட் லிஸ்ட்" பொத்தானை அழுத்தித் தளத்தின் முகவரியைச் சேர்க்க வேண்டும். இங்கே கைதவறும் இடங்கள் பல. எச்டிடிபி வேறு, எச்டிடிபிஎஸ் வேறு. ஒன்றைச் சேர்த்தால் மற்றது சேராது. முகவரியில் வழக்கமில்லாத துறை எண் (போர்ட்) இருந்தால் அதையும் எழுத வேண்டும். நட்சத்திரக் குறி போட்டு எல்லாவற்றையும் அடக்க முடியாது. உள்கோப்புறை வரை எழுதுகிறவர்கள் கடைசியில் சாய்கோடு போட மறக்கக் கூடாது. சாய்கோடு இருந்தால் அதற்குக் கீழுள்ள எல்லாம் அடங்கும், இல்லாவிட்டால் அந்த ஒன்று மட்டும். சேர்த்தபின் உலாவியை முழுதாக மூடித் திறங்கள். அதன் பிறகும் கேள்விப் பெட்டி வரும், ஆனால் இப்போது "ரன்" பொத்தானோடு வரும். அதுதான் சரியான நடத்தை. பயப்பட வேண்டாம்.

பழைய குறிப்புகள் பாதுகாப்பு நிலையை நடுத்தரத்துக்கு இறக்கச் சொல்லும். அந்த நிலையை ஜாவா 8இன் 20ஆம் மேம்பாட்டிலேயே எடுத்துவிட்டார்கள். எடுத்தது நல்லது. ஒரு விருந்தாளிக்காக வீட்டின் எல்லாக் கதவையும் கழற்றிவைக்கும் வேலை அது.

தொழிற்சாலை மாதிரி உங்கள் சொந்த ஆப்லெட் என்றால், பத்துக் கணினிகளில் பட்டியலைத் தட்டச்சு செய்வதைவிட நோயின் வேரில் கைவைக்கலாம். தொகுப்பின் மேனிஃபெஸ்ட் என்ற விவரக் கோப்பில் அனுமதி வரியை எழுதுங்கள், எந்தத் தளத்திலிருந்து ஓட வேண்டும் என்பதையும் எழுதுங்கள், பிறகு மறுபடி கையொப்பமிடுங்கள். வெளிச் சான்றிதழ் வாங்கப் பணமில்லை என்றால் உங்கள் சொந்தச் சான்றிதழை ஒவ்வொரு கணினியிலும் ஜாவாவின் சான்றிதழ்ப் பகுதியில் "சைனர் சிஏ" என்ற பிரிவில் இறக்குமதி செய்யலாம். நான் அந்தத் தொழிற்சாலையில் செய்தது இதைத்தான்.

வெளியிட்டவர் பெயர் தெரியாது என்கிறது

கேள்விப் பெட்டி வந்துவிட்டது, "ரன்" பொத்தானும் இருக்கிறது. இங்கேதான் பலர் கண்ணை மூடிக்கொண்டு அழுத்துகிறார்கள். நான் மெதுவாகப் போகச் சொல்வதும் இங்கேதான். பெட்டியில் மூன்று வரிகள்: நிரலின் பெயர், வெளியிட்டவர், இடம். முதல் வரியில் யார் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம், அதற்கு மதிப்பில்லை. இரண்டாவது வரி சான்றிதழிலிருந்து வருகிறது. மூன்றாவது, நிரல் இறங்கிய தளத்தின் முகவரி.

நீலக் கேடயம் இருந்து வெளியிட்டவர் பெயர் தெளிவாக இருந்தால், ஜாவாவுக்குத் தெரிந்த ஒரு சான்றளிக்கும் அமைப்பு அந்தப் பெயருக்குச் சாட்சி சொல்லியிருக்கிறது. மஞ்சள் நிறமும் "அன்னோன்" என்ற சொல்லும் வந்தால் சாட்சி இல்லை. அப்போது மூன்றாம் வரியை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். நீங்களே கையால் தட்டிப் போன தளமா, வாட்ஸ்அப்பில் வந்த இணைப்பைத் தொட்டுப் போன தளமா? முதலாவது என்றால் தளத்தின் உதவி எண்ணைக் கூப்பிட்டு உறுதிசெய்துகொண்டு தொடரலாம். இரண்டாவது என்றால் மூடிவிடுங்கள்.

கட்டபெட்டுப் பக்கத்து ஒப்பந்ததாரர் ஒருவர், "தம்பி, அரசாங்கத் தளம் என்றால் பச்சை வர வேண்டாமா, மஞ்சள் ஏன்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நம் நாட்டில் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன்படி சான்றளிக்கும் அமைப்புகளுக்கு உரிமம் கொடுப்பவர் சான்றளிப்பு அமைப்புகளின் கட்டுப்பாட்டாளர். அவருடைய மூலச் சான்றிதழ்தான் நம் டோக்கன்களுக்கெல்லாம் வேர். ஆனால் சட்டம் ஏற்றுக்கொண்ட வேரை மென்பொருளும் ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென ஒரு நம்பிக்கைப் பட்டியலை வைத்திருக்கிறது. 2014 ஜூலையில், அந்த வேருக்குக் கீழ் வரும் தேசியத் தகவலியல் மையத்தின் இடைநிலைச் சான்றிதழ்களைக் கொண்டு கூகுளின் தளப் பெயர்களுக்கு அனுமதியற்ற சான்றிதழ்கள் வெளியானது நினைவிருக்கலாம். விண்டோஸ் பட்டியலில் இந்திய வேர் இருந்ததால் அங்கே ஆபத்து இருந்தது. ஃபயர்ஃபாக்ஸ் தன் சொந்தப் பட்டியலை வைத்திருந்ததால் அந்த ஆபத்து அதைத் தொடவில்லை. அந்த இடைநிலைச் சான்றிதழ்களைக் கட்டுப்பாட்டாளர் ரத்து செய்தார். மஞ்சள் என்பதற்கு மோசடி என்று பொருளில்லை, நீலம் என்பதற்கு மோட்சம் என்றும் பொருளில்லை என்று அந்த ஒப்பந்ததாரரிடம் சொன்னேன். சிரித்தார். பிறகு உதவி எண்ணைக் கூப்பிட்டார்.

"இனி கேட்காதே" என்ற சிறு கட்டத்தில் குறியிட்டுவிட்டு வருந்துகிறவர்கள், ஜாவாவின் செக்யூரிட்டி தாவலில் "ரிஸ்டோர் செக்யூரிட்டி பிராம்ப்ட்ஸ்" பொத்தானை அழுத்தினால் கேள்விகள் திரும்ப வரும்.

பழைய ஆப்லெட் ஒன்று நேற்றுவரை பெயரோடு வந்து, ஜாவாவை மேம்படுத்திய பின் கையொப்பமற்றதாகிவிட்டால் அது எம்டி5 என்ற பழைய, பலவீனமான முறையில் கையொப்பமிட்டதாக இருக்கலாம். 2017 ஏப்ரலில் வந்த 8இன் 131ஆம் மேம்பாட்டிலிருந்து அந்தக் கையொப்பத்தை ஜாவா கையொப்பமாகவே எண்ணுவதில்லை. வெளியிட்டவர்தான் மறுபடி கையொப்பமிட வேண்டும்.

சான்றிதழ் காலாவதி என்கிறது

யாருடைய சான்றிதழ்? இதைக் கேட்காமல் டோக்கனைப் புதுப்பிக்கப் பணம் கட்டியவர் ஒருவர் உண்டு. புதுப்பித்தார், எச்சரிக்கை அப்படியே இருந்தது. காலாவதியானது அவருடையதல்ல, ஆப்லெட்டை வெளியிட்டவருடையது.

பின் எண் (டோக்கனின் ரகசிய எண்) கேட்பதற்கு முன்பே பெட்டி வந்தால் அது ஆப்லெட்டின் சான்றிதழ். கடிகாரம் சரியாக இருந்தால் உங்களால் செய்யக்கூடியது தளத்தாருக்குத் தெரிவிப்பது, அவசரத்துக்கு விலக்குப் பட்டியலில் சேர்ப்பது. கையொப்பமிடும்போது நேரமுத்திரையும் சேர்த்து இட்டிருந்தால் சான்றிதழ் முடிந்த பிறகும் கையொப்பம் செல்லும்; சான்றிதழ் உயிரோடு இருந்த நாளில் இட்ட கையெழுத்து என்று நேரமுத்திரை சாட்சி சொல்லிவிடும். ஒரே ஒரு கூடுதல் கட்டளையில் முடிகிற அந்த வேலையை ஏன் விட்டுவிடுகிறார்கள் என்பது எனக்கு விளங்கியதில்லை.

பின் எண் கொடுத்தபின் வந்தால் உங்களுடையது. டோக்கன் சான்றிதழ் அதிகபட்சம் மூன்றாண்டு. 2021 ஜனவரியிலிருந்து இரண்டாம் வகுப்புச் சான்றிதழ் கிடையாது, மூன்றாம் வகுப்புதான். புதியதை வாங்கினால் மட்டும் போதாது. தளத்தில் உங்கள் கணக்கோடு அதைப் பதிவுசெய்யவும் வேண்டும். டெண்டர் நாளில் செய்கிற வேலையல்ல இது.

ரத்தானதா என்று சரிபார்க்க முடியவில்லை என்கிறது

ஜாவா ஒவ்வொரு முறையும் சான்றளித்த அமைப்பைக் கேட்டு, இந்தச் சான்றிதழை நீங்கள் இடையில் ரத்து செய்தீர்களா என்று விசாரிக்கிறது. கேள்வி போகவோ பதில் திரும்பவோ வழியில்லை என்றால் இந்த எச்சரிக்கை.

பர்லியாறு பக்கம் மண் சரிந்து கேபிள் அறுந்த நாட்களில் இதைப் பார்த்திருக்கிறேன். டெண்டர் தளம் தட்டுத்தடுமாறித் திறக்கும், ரத்துப் பட்டியல் வராது. கைப்பேசியின் இணையத்தைக் கணினிக்குப் பகிர்ந்து முயலுங்கள். பாதிக்கு மேல் அதிலேயே தீரும். அலுவலக வலையமைப்பு என்றால் ப்ராக்ஸி (இணையத்துக்கு நடுவில் நிற்கும் கணினி) வழியை ஜாவாவின் நெட்வொர்க் அமைப்பில் பாருங்கள். உலாவி ஒரு பாதையிலும் ஜாவா வேறு பாதையிலும் போவதுண்டு.

ஜாவாவின் பாதுகாப்பு மிக உயர் நிலையில் இருந்தால் சரிபார்க்க முடியாத சான்றிதழை அது அனுமதிக்காது. உயர் நிலையில் அனுமதிக்கும். மிக உயர்விலிருந்து உயர்வுக்கு இறக்குவது நான் ஒப்புக்கொள்கிற ஒரே இறக்கம். சரிபார்ப்பையே அணைத்துவைக்கும் குறியை மட்டும் தொடாதீர்கள்.

ஜாவா பழையதாகிவிட்டது என்கிறது

ஒவ்வொரு ஜாவாவுக்குள்ளும் ஒரு காலாவதித் தேதி பொதிந்திருக்கிறது. இணையமே இல்லாத கணினியிலும் அந்த நாள் வந்தால் முணுமுணுக்கத் தொடங்கும். மேம்படுத்துங்கள். பழைய பதிப்புகளை நீக்குங்கள். ஒரு கணினியில் மூன்று ஜாவா குடியிருந்தால் எது பதில் சொல்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஜாவாவின் தற்காலிகக் கோப்புகளையும் அழித்துவிடுங்கள். 2019 ஏப்ரலில் வந்த 211ஆம் மேம்பாட்டிலிருந்து ஜாவாவை இப்போது வெளியிடும் ஆரக்கிள் நிறுவனத்தின் ஜாவா 8 சொந்த உபயோகத்துக்கு இலவசம், வணிக உபயோகத்துக்குக் கட்டணம். தொழிற்சாலைக் கணக்கர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

"யெஸ்" என்றுதான் அழுத்தினேன், நின்றுவிட்டது

இதற்கு உங்களைக் குறை சொல்ல மாட்டேன். கையொப்பமிட்ட பகுதியும் கையொப்பமில்லாத பகுதியும் கலந்து வந்தால் 2010இலிருந்து ஜாவா தனியாக ஒரு பெட்டி காட்டுகிறது. ஆபத்தாக இருக்கக்கூடிய பகுதிகளைத் தடுக்கட்டுமா என்று கேட்கிறது. தலைகீழ்க் கேள்வி. இதுவரை வந்த எல்லாப் பெட்டிக்கும் ஆம் என்றால் ஓடு; இதற்கு ஆம் என்றால் நில். பழக்கத்தில் ஆம் என்று அழுத்தியவர் தன் டெண்டரைத் தானே நிறுத்துகிறார். பிந்திய பதிப்புகளில் பொத்தான்களிலேயே "பிளாக்", "டோன்ட் பிளாக்" என்று இருக்கும். தளம் உறுதியானது என்றால் உலாவியை முழுதாக மூடி, திரும்ப வந்து, இந்த முறை படித்துவிட்டு அழுத்துங்கள்.

எல்லாம் ஓடுகிறது, என் சான்றிதழ் மட்டும் பட்டியலில் இல்லை

எச்சரிக்கைகளைத் தாண்டியாயிற்று. டோக்கன் செருகியிருக்கிறது, விளக்கு எரிகிறது, பட்டியல் காலி. டோக்கனின் இயக்கி மென்பொருள் நிறுவியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கணினி மாற்றியவர்கள் டோக்கனை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். ஜாவா 32 பிட் என்றால் இயக்கியின் 32 பிட் பகுதியும் வேண்டும். இயக்கியோடு வரும் சிறு மென்பொருளைத் திறந்து அதில் உங்கள் பெயர் தெரிகிறதா பாருங்கள். அங்கேயும் தெரியவில்லை என்றால் கோளாறு ஜாவாவுக்குக் கீழே இருக்கிறது.

மார்கழிப் பனியில் வண்டியின் முன்பெட்டியில் கிடந்த டோக்கனின் செம்பு முனையில் படலம் படிந்திருக்கும். பள்ளிக்கூட அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடையுங்கள். எத்தனை முறை இது பலித்திருக்கிறது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

பின் எண்ணை ஊகித்துப் பார்க்காதீர்கள். சில தவறான முயற்சிகளுக்குப் பின் டோக்கன் பூட்டிக்கொள்ளும். பூட்டியதைத் துடைத்துப் புதிதாக்கினால் உள்ளே இருக்கும் ரகசியச் சாவியும் போய்விடும். அதற்கு நகல் கிடையாது. அதற்காக உறையின் மேல் பின் எண்ணை எழுதி என் மேசையில் விட்டுப்போகவும் வேண்டாம். இன்றைக்கு என் இழுப்பறையில் அப்படி நான்கு டோக்கன்கள் கிடக்கின்றன. சாவியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது சான்றிதழ்தாரரின் கடமை என்று சட்டத்தின் 42ஆம் பிரிவு சொல்கிறது. ஜாவாவின் எச்சரிக்கைக்குப் பயப்படுகிறவர்கள், தன் கையெழுத்தையே கடையில் விட்டுப்போவதற்குப் பயப்படுவதில்லை.

ஆப்லெட் இல்லாத தளத்தில் 127.0.0.1 பற்றிய எச்சரிக்கை

ஆப்லெட் போன இடத்தில் வாரிசு வந்திருக்கிறது. ஜிஎஸ்டி உட்படப் பல தளங்கள் இப்போது உங்கள் கணினியிலேயே ஒரு சிறு கையொப்பச் சேவையை நிறுவச் சொல்கின்றன. உலாவி அதனோடு 127.0.0.1 என்ற முகவரியில் பேசுகிறது. அந்த எண் உங்கள் கணினிக்கே உரிய வீட்டு முகவரி. வெளியிலுள்ள சான்றளிக்கும் அமைப்புகள் அதற்குச் சான்றிதழ் தருவதில்லை, ஆகவே சேவை தானே ஒன்றைத் தயாரித்துக்கொள்கிறது. உலாவி அதைப் பார்த்துச் சந்தேகப்படுகிறது.

சேவை ஓடுகிறதா பாருங்கள். ஓடாவிட்டால் நிர்வாகி உரிமையில் தொடங்குங்கள். பிறகு அந்த முகவரியைத் துறை எண்ணோடு உலாவியில் தனியாகத் திறந்து, எச்சரிக்கையைத் தாண்டி ஒரு முறை ஏற்றுக்கொண்டால் தளம் அதனோடு பேசத் தொடங்கும். எண் சரியாக 127.0.0.1 என்று இருந்தால் மட்டும். வேறு எந்த முகவரிக்கும் இந்தத் தாண்டலைச் செய்ய வேண்டாம்.

ஆப்லெட்டை விடாத பழைய தளங்களுக்காக நான் கடையில் ஒரு பழைய மடிக்கணினியைத் தனியாக வைத்திருக்கிறேன். 32 பிட் ஜாவா 8, விலக்குப் பட்டியலில் மூன்றே முகவரிகள், மின்னஞ்சல் கிடையாது, யூடியூப் கிடையாது. அதன் மூடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் எட்ஜ் பட்டியலின் 30 நாள் எப்போது முடிகிறது என்று எழுதியிருக்கிறது. போன வாரம்தான் தேதியை அடித்து மாற்றினேன்.